இறுகிப்போன லாக்கிங் ஹப்பைப் பழுது பார்த்தல்: பழைய ஃபோர்வீல் ஜீப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

பழைய ஜிப்ஸியிலும் சில மஹிந்திரா ஜீப்புகளிலும் முன்சக்கரங்களின் நடுவில் கையால் திருப்பும் டயலோடு ஒரு ஹப் இருக்கும். அதை ‘ஃப்ரீ’யில் வைத்தால் முன்சக்கரம் தன்பாட்டுக்குச் சுழலும், ‘லாக்’கில் வைத்தால் சக்கரமும் உள்ளே வரும் ஆக்சிலும் ஒன்றாகப் பிணைந்து சுழலும். இந்த டயல் இறுகிக்கொண்டால் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதே இங்கே சொல்லப்படுகிறது. உறுப்புகளின் வடிவம் வண்டிக்கு வண்டி சற்று மாறும். வேலையின் வரிசை மாறாது.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். டயலைத் திருப்ப இரண்டு விரல்களின் பலத்துக்கு மேல் ஒருபோதும் தேவைப்படக் கூடாது. தேவைப்பட்டால் கோளாறு டயலில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிறது. புதியவர்கள் உடைக்கும் டயல்களில் பெரும்பாலானவை குறடு போட்டுத் திருகியதால் உடைந்தவைதான்.

1. உண்மையிலேயே இறுகிவிட்டதா என்று முதலில் பாருங்கள்

மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறி இறங்கி வந்தபின் டயல் ‘லாக்’கிலிருந்து நகர மறுக்கிறது என்று சொல்பவர்கள் பலர். அவர்களில் பாதிப் பேருடைய ஹப்பில் எந்தப் பழுதும் இருக்காது. இந்த வண்டிகளில், எஞ்சினின் இழுவையை முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் நடு டிஃபரன்ஷியல், அதாவது அவ்விரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு, கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருக்கிறது. மண்தரையில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும், தார்ச்சாலையிலோ பாறையிலோ அது முடிவதில்லை. அந்த முறுக்கு ஷாஃப்ட்டுகளில் தேங்கி, ஹப்புக்குள் இருக்கும் பற்களை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது.

இதற்கு மருந்து எளிது. டிரான்ஸ்ஃபர் லீவரைப் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் 2எச் நிலைக்கு மாற்ற முயன்று, ஸ்டியரிங்கை நேராக வைத்து, வண்டியைச் சில மீட்டர் பின்னோக்கி நகர்த்துங்கள். லீவர் முதலில் வராவிட்டாலும் பின்னோக்கி நகரும்போது முறுக்கு தளர்ந்து வந்துவிடும். பிறகு வண்டியை நிறுத்தி, இறங்கி டயலைத் திருப்பினால் அது தானே சுழலும். இத்தனைக்குப் பிறகும் நகராவிட்டால்தான் ஹப்பைப் பிரிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

2. எந்தப் பக்கத்து ஹப்பில் பழுது என்று கண்டுபிடியுங்கள்

இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேராக ஸ்பேனரை எடுப்பவர்கள் பழுதில்லாத பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு விழிப்பார்கள். இரண்டு ஹப்புகளில் ஒன்று மட்டும் ‘லாக்’ ஆகாவிட்டாலும் முன்பக்கம் முழுவதும் இழுவையை இழந்துவிடும். ஏனெனில் திறந்த டிஃபரன்ஷியல், தடையில்லாத பக்கத்து ஆக்சிலை வெறுமனே சுற்றவிடும். ஆகவே ‘நாலு வீலும் இழுக்கவில்லை’ என்பது ஒரே ஹப்பின் பழுதாகவும் இருக்கலாம்.

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கை பிரேக்கைப் போட்டு, முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, ஆக்சில் குழாயின் இரு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எந்த வேலையும் செய்யக் கூடாது. எஞ்சின் அணைந்திருக்க, டிரான்ஸ்ஃபர் லீவரை நான்கு சக்கரமும் இழுக்கும் 4எச் நிலையில் வையுங்கள். பின்சக்கரங்கள் தரையில் நிற்பதால் முன் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இப்போது சுழல முடியாதபடி பிடிபட்டிருக்கும்.

இரண்டு டயல்களையும் ‘ஃப்ரீ’யில் வைத்துச் சக்கரங்களைக் கையால் சுற்றினால் இரண்டும் இலேசாகச் சுழல வேண்டும். பிறகு இரண்டையும் ‘லாக்’கில் வைத்து ஒரு சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் மற்றது பின்னோக்கிச் சுழல வேண்டும். அப்படிச் சுழலாவிட்டால் கையின் உணர்வைக் கவனியுங்கள். நீங்கள் சுற்றும் சக்கரம் இலேசாக, சத்தமின்றி ஓடினால் அந்தப் பக்கத்து ஹப்தான் பிடிக்கவில்லை. கனமாக, உள்ளே பல்சக்கரம் உருளும் சத்தத்தோடு ஓடினால் எதிர்ப்பக்கத்து ஹப் பிடிக்கவில்லை. ‘கறகற’வென்று பல் தட்டும் சத்தம் கேட்டால் ஹப் பாதி மட்டும் பிடித்திருக்கிறது, அந்நிலையில் வண்டியை ஓட்டினால் பற்களின் விளிம்பு சீக்கிரம் மழுங்கிவிடும்.

டயல் தாராளமாகச் சுழன்றும் உள்ளே எதுவும் நகராத நிலையும் உண்டு. அது அழுக்கால் வந்ததல்ல. டயலின் பின்புறமுள்ள கேம் (டயலைத் திருப்பும்போது உள்ளேயுள்ள பல்வளையத்தைத் தள்ளும் உறுப்பு) உடைந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் இடம் மாறியிருக்கும்.

3. கைவசம் இருக்க வேண்டியவை

சாக்கெட் செட், ஆலன் கீ செட், வெளிப்புறச் சர்க்ளிப் (பள்ளத்தில் மாட்டும் திறந்த வளையக் கிளிப்) பிளையர், பித்தளைப் பஞ்ச், சிறிய சுத்தியல், டார்க் ரெஞ்ச், ஊடுருவும் எண்ணெய், இரண்டு லிட்டர் டீசல், பழைய பல் துலக்கும் பிரஷ், 600 எண் உப்புத்தாள், துணி, அகலமான தட்டு. இவற்றோடு புதிய ஓரிங் (தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்), புதிய பேக்கிங் (இரு முகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைப்பது), புதிய சர்க்ளிப் ஆகிய மூன்றையும் வேலை தொடங்குமுன்பே வாங்கி வைத்துவிடுங்கள். பழைய மாடல்களுக்கு இவை எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. பிரித்துப் போட்ட வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு பேக்கிங் தேடித் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் பஸ் ஏறுவது வீண் அலைச்சல்.

கிரீஸ் என்.எல்.ஜி.ஐ. 2 (கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) தரத்து லித்தியம் கிரீஸாக இருந்தால் போதும். ஒரு சிறு டப்பாவுக்கு மேல் தேவையில்லை. ஏன் என்பது ஒன்பதாம் பகுதியில் விளங்கும்.

இடத்தையும் நேரத்தையும் பற்றி ஒரு சொல். ஆனி, ஆடி மாதங்களில் வள்ளியூர், பணகுடி, இராதாபுரம் பக்கங்களில் காற்று மண்ணை வாரி இறைக்கும். அப்போது திறந்த வெளியில் ஹப்பைப் பிரித்தால் எடுத்த மண்ணைவிட அதிக மண்ணை உள்ளே போட்டு மூடுவீர்கள். சிமெண்டுத் தரையும் காற்றை மறைக்கும் சுவரும் உள்ள இடத்தில், வெயிலும் காற்றும் ஏறாத காலை வேளையில் தொடங்குங்கள்.

4. போல்ட்டுகளைத் தரையில் நிற்கும்போதே தளர்த்துங்கள்

சோதனை முடிந்ததும் வண்டியைத் திரும்பக் கீழே இறக்குங்கள். சக்கரம் தரையில் நின்றால்தான் ஹப் சுழலாமல் இருக்கும்; உயர்த்திய நிலையில் இறுகிய போல்ட்டைத் திருகினால் சக்கரமும் கூடவே சுழலும், வண்டியும் ஸ்டாண்டின்மேல் ஆடும்.

முதலில் ஹப்பைச் சுற்றியுள்ள மண்ணை உலர்ந்த பிரஷ்ஷால் முழுவதும் தட்டிவிடுங்கள். ஆலன் கீ நுழையும் குழியிலுள்ள மண்ணை ஊசியால் கிளறி எடுக்க வேண்டும். கீ அடிவரை இறங்காமல் திருகினால் குழியின் முனைகள் வழுக்கி, அதன்பின் துளைத்துத்தான் எடுக்க நேரும். பிறகு டயல் மூடியின் சிறு திருகுகளையும், ஹப் உடலைச் சக்கர ஹப்போடு பிணைக்கும் பெரிய போல்ட்டுகளையும் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம்.

உவரி, கூடுதாழை போன்ற கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டிகளில் இந்தச் சிறு திருகுகள்தான் பெரும்பாடு படுத்தும். ஹப் உடல் அலுமினியம், திருகு இரும்பு. இரண்டுக்கும் நடுவே உப்புக் காற்று புகுந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துத் திருகைக் கவ்விக்கொள்ளும். ஊடுருவும் எண்ணெயை முந்தின இரவே விட்டுவைத்து, காலையில் திருகின் தலைமேல் பித்தளைப் பஞ்ச்சை வைத்து இலேசாகத் தட்டினால் அந்தப் பொடி உடைந்து எண்ணெய் இறங்கும். அதற்கும் மசியாவிட்டால் சூடான காற்றை ஊதும் துப்பாக்கியால் உடலை மெல்லச் சூடாக்கலாம். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியுமாதலால் பிடி தளரும். கேஸ் வெல்டிங் தீயை மட்டும் அருகே கொண்டுவராதீர்கள். ஓரிங்கும் கிரீஸும் கருகிவிடும், சக்கர பேரிங்கின் சீலும் சேர்ந்து போகும்.

5. மூடியைக் கழற்றுதல்

வண்டியை மீண்டும் உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மூடியும் உடலும் சேரும் இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு இழுங்கள். மூடியைத் தவறான துளையில் மாட்டினாலும் திருகுகள் ஏறிவிடும். ஆனால் சில வகைகளில் கேம் வேறிடத்தில் உட்கார்ந்து டயல் முழுச் சுற்று வராது.

டயல் நகரக்கூடிய நிலையில் இருந்தால் அதை ‘ஃப்ரீ’யில் வைத்த பிறகே மூடியை எடுங்கள். ‘லாக்’கில் இருக்கும்போது உள்ளேயுள்ள ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கலாம், கடைசித் திருகை எடுத்ததும் மூடி துள்ளும். டயல் நகராத நிலையில் பிரிக்க நேர்ந்தால் ஒரு கையால் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் திருகுகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள்.

மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்குரூ டிரைவரை இடுக்கில் சொருகி நெம்பாதீர்கள். அலுமினிய முகத்தில் விழும் ஒரு கீறல் போதும், அடுத்த மழைக்காலத்தில் அதன் வழியே தண்ணீர் இறங்கும். பக்கவாட்டில் மரச்சுத்தியலால் தட்டினாலே விட்டுவிடும்.

6. சர்க்ளிப்பும் ஹப் உடலும்

மூடியை எடுத்ததும் நடுவில் ஆக்சிலின் நுனி தெரியும். அதன் பள்ளத்தில் ஒரு சர்க்ளிப் இருக்கும். இதை எடுக்காமல் ஹப் உடலை இழுப்பவர்கள் உண்டு. அது வராது, இழுக்க இழுக்கச் சர்க்ளிப் கோணும்.

பல வண்டிகளில் ஆக்சிலின் நுனியில் மரையிட்ட துளை இருக்கிறது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. பொருந்தும் போல்ட் ஒன்றை அதில் சில சுற்று ஏற்றி, ஆக்சிலை உங்களை நோக்கி இழுத்துப் பிடித்தால் சர்க்ளிப்புக்குப் பின்னால் இடைவெளி கிடைக்கும். அதன்பின் பிளையரால் தேவையான அளவுக்கு மட்டும் விரித்து எடுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், மேலே ஒரு துணியைப் போர்த்துங்கள். தெறிக்கும் சர்க்ளிப் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அளவுக்கு மீறி விரிந்ததைத் திரும்பப் போடக் கூடாது.

சர்க்ளிப்புக்குப் பின்னால் மெல்லிய வாஷர்கள் இருந்தால் அவற்றை எடுத்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். ஆக்சிலின் முன்பின் ஆட்டத்தை அவையே கட்டுப்படுத்துகின்றன. ஒன்று குறைந்தாலும் கூடினாலும் உறுப்புகள் உரசும். இப்போது பெரிய போல்ட்டுகளைக் கழற்றி, உடலைச் சுற்றி மெதுவாகத் தட்டி வெளியே எடுங்கள்.

வண்டி உயர்ந்திருக்கும் இந்த நேரத்தில் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் சக்கர பேரிங்கையும் சரிசெய்த பிறகே ஹப்பை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் இதே வேலையைச் சில வாரங்களில் மீண்டும் செய்வீர்கள்.

7. பழைய கிரீஸ் சொல்வதைப் படியுங்கள்

இந்தப் பகுதியில் யாரும் அவசரப்படக் கூடாது. ஹப் ஏன் இறுகியது என்பதற்கான விடை உள்ளேயிருக்கும் கிரீஸில் இருக்கிறது. அதைத் துடைத்துவிட்டால் விடையும் போய்விடும். ஆகவே துணியை எடுக்குமுன் விரல் நுனியில் சிறிது எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

பாலில் கலந்த காப்பித்தூள் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓரிங், பேக்கிங் இரண்டையும் மாற்றுவதோடு, பேரிங்குக்கும் தண்ணீர் போயிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

சிவந்த நைஸான மண் கலந்திருந்தால் அது திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண்ணாக இருக்கும். தேரியில் காற்று அள்ளிக் குவிக்கும் மண் மிக நுண்ணியது. தேய்ந்த ஓரிங்கைத் தாண்டி உள்ளே போகும். கிரீஸோடு கலந்தால் அது சாணை பிடிக்கும் பசையாகவே மாறி டயல் அமரும் துளையைத் தேய்க்கும்.

கிரீஸ் கரைந்து நீர்த்து, கியர் ஆயிலின் வாடை வந்தால் பழுது ஹப்பில் இல்லை. ஆக்சிலின் உள் சீல் கசிந்து, டிஃபரன்ஷியலின் ஆயில் ஆக்சில் வழியாக இங்குவரை வந்திருக்கிறது. ஹப்பை எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்தாலும் அந்தச் சீலை மாற்றாவிட்டால் பயன் இல்லை.

உலர்ந்து மெழுகுபோலக் கெட்டியாகியிருந்தால் பழுது ஓட்டுநருடையது. ஆண்டுக்கணக்கில் டயலைத் திருப்பாமல் விட்டிருக்கிறார். நான் பார்த்தவரையில் இதுதான் அதிகம். மினுமினுக்கும் உலோகத் துகள் இருந்தால் பற்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் அளவுக்குக் கவனம் தேவை.

8. பிரித்தல், கழுவுதல், பரிசோதித்தல்

ஹப் உடலுக்குள் பற்களுள்ள ஒரு வளையம் முன்னும் பின்னும் நகரும். டயலைத் திருப்பும்போது கேம் இந்த வளையத்தைத் தள்ளி, உடலையும் ஆக்சில் நுனியின் நீளவாக்குப் பற்களான ஸ்ப்ளைனையும் பிணைக்கிறது. இறுகுவது பெரும்பாலும் இந்த வளையமும் டயலின் தண்டும்தான். ஒவ்வோர் உறுப்பை எடுக்கும்போதும் கைப்பேசியில் படம் எடுங்கள். வளையத்தின் எந்தப் பக்கம் வெளியே பார்க்கிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். டயலுக்குள் சிறு குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும் வகையானால் அதை உள்ளே இருப்பது தெரியும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் கழற்றுங்கள். குண்டு தெறித்தாலும் பைக்குள் விழும்.

ரப்பர் உறுப்புகளை எடுத்துவிட்டு உலோக உறுப்புகளை மட்டும் டீசலில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேயுங்கள். பெட்ரோல் வேண்டாம்: தீப்பற்றும் அபாயம் ஒன்று, தப்பித் தவறி ரப்பரில் பட்டால் அது உப்பிவிடும் என்பது மற்றொன்று. கழுவியபின் துணியால் துடைத்து நிழலில் முழுக்க உலர விடுங்கள்.

டயல் தண்டிலும் அது அமரும் துளையிலும் அரிப்பு இருந்தால் 600 எண் உப்புத்தாளை டீசலில் நனைத்துச் சுற்றுவாக்கில் இலேசாகத் தேய்க்கலாம். பற்களின் முகத்தில் உப்புத்தாள் போடக் கூடாது. பற்களின் விளிம்பு கூராக இருக்க வேண்டும். உருண்டிருந்தால் சுமை ஏறும்போது வளையம் வழுக்கி வெளியே வரும். அத்தகைய வளையத்தை லேத் பட்டறையில் வெல்டிங் வைத்துக் கடைந்து தருவதாகச் சொல்வார்கள். அது கடினப்படுத்திய எஃகு. வெல்டிங் சூட்டில் கடினம் போய்விடும். மாற்றுவதே வழி.

9. கிரீஸைக் குறைவாகப் பூசுங்கள்

பேரிங்குக்குக் கிரீஸ் அடைப்பதுபோல ஹப்புக்குள்ளும் அள்ளி அடைப்பதுதான் நன்றாக வேலை செய்பவர்களும் செய்யும் தவறு. வளையம் நகர இடம் வேண்டும். அந்த இடத்தைக் கிரீஸ் அடைத்துக்கொண்டால் வளையம் முழுவதும் உள்ளே போகாமல் பாதியில் நிற்கும். இரண்டாம் பகுதியில் சொன்ன பல் தட்டும் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. மாஞ்சோலை, ஊத்து ஆகிய மலைத் தோட்டப் பக்கத்துக் குளிரில் கிரீஸ் இன்னும் கெட்டியாகி ஸ்பிரிங்கின் பலத்தையே மீறிவிடும்.

பற்கள், டயல் தண்டு, ஓரிங் ஆகிய மூன்றிலும் உலோகத்தின் நிறம் ஊடே தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சு போதும்.

10. மாட்டுதல்

வண்டியில் ஏற்றுமுன் மேசையிலேயே ஹப்பை ஒன்றுசேர்த்து டயலைத் திருப்பிப் பாருங்கள். வளையம் முழுத் தூரம் போய்த் திரும்ப வேண்டும். மேசையில் இறுகுவது வண்டியில் தளராது.

பேக்கிங்கை உலர்ந்த, சுத்தமான முகத்தில் வைத்து ஹப் உடலை மாட்டுங்கள். சிலிக்கான் பசையைத் தாராளமாகப் பிதுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. உள்பக்கம் வழியும் பசை பின்னர் துண்டுதுண்டாகப் பிய்ந்து வளையத்தின் பற்களில் சிக்கும். நல்ல பேக்கிங் இருந்தால் பசை தேவையில்லை.

போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை போதும். வண்டியின் சர்வீஸ் புத்தகம் கையில் இருந்தால் அதன் அளவே இறுதியானது. நீண்ட கைப்பிடி ரெஞ்ச்சால் இறுக்கி அலுமினிய மரையை உரித்துவிட்டால் ஹப் உடல் முழுவதையும் மாற்ற நேரிடும்.

ஆக்சிலை மீண்டும் போல்ட்டால் இழுத்துப் பிடித்து, வாஷர்களைப் பழைய வரிசையில் போட்டு, புதிய சர்க்ளிப்பை ஏற்றுங்கள். பிளையரை எடுத்தபின் சர்க்ளிப்பைப் பள்ளத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுழன்றால் முழுவதும் அமர்ந்திருக்கிறது. பாதி அமர்ந்த சர்க்ளிப் ஓட்டத்தில் கழன்று, ஆக்சில் உள்ளே நழுவி, ஸ்ப்ளைன் நுனியில் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும்.

கடைசியாக, டயலை ‘ஃப்ரீ’யில் வைத்துப் பெயிண்ட் கோடு நேராக வரும்படி மூடியை மாட்டுங்கள். இந்தச் சிறு திருகுகளுக்கு ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து இறுக்கும் பலமே போதும். கடற்கரை வண்டியானால் மரையில் துளி கிரீஸ் தடவுங்கள்.

11. சோதித்து ஓட்டுதல்

இரண்டாம் பகுதியின் சோதனையை அப்படியே மீண்டும் செய்யுங்கள். பிறகு வண்டியை இறக்கி, மண்பாதையில் 4எச்சில் சற்று தூரம் ஓட்டி, ‘ஃப்ரீ’க்கு மாற்றிப் பாருங்கள். தார்ச்சாலையில் இந்தச் சோதனை வேண்டாம். முறுக்கு ஏறி, சரியான ஹப்பையும் பழுதானது என்று நினைக்க வைக்கும். சுமார் 100 கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளை ஒருமுறை ரெஞ்ச்சால் சரிபார்த்துவிடுங்கள். புதிய பேக்கிங் அமுங்கிச் சற்றுத் தளர்ந்திருக்கும்.

12. மீண்டும் இறுகாமல் இருக்க

மாதம் ஒருமுறையாவது டயலை இருபக்கமும் திருப்பி, ‘லாக்’கில் வைத்துச் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். 2எச்சில் ஓட்டினாலும் போதும். ஆக்சிலும் டிஃபரன்ஷியலும் சுழன்று ஆயில் எல்லா இடத்துக்கும் போகும்.

வாட்டர் சர்வீஸில் விடும்போது பீச்சும் குழாயை ஹப்பின் நடுவே காட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த அழுத்தத்தைத் தாங்கும்படி டயலின் ஓரிங் செய்யப்படவில்லை.

ஓடையையோ ஆற்றையோ கடக்கும் வண்டிக்கு இன்னொன்றும் உண்டு. நீண்ட தூரம் ஓடி, பிரேக் போட்டுச் சூடேறிய ஹப் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். கரையில் வண்டியை நிறுத்தி, ஹப்பின்மேல் கை வைக்க முடியும் அளவுக்குச் சூடு ஆறிய பின் இறக்குங்கள். ஹப் மூழ்கும் ஆழத்தில் வண்டி நின்றுவிட்டிருந்தால் அந்த வாரத்திலேயே மூடியை மட்டும் கழற்றி கிரீஸின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் ஆறாம் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும்.